காற்றில் ஒரு வெட்டு

மெஷினை இறக்கிவிட்டு லாரி கிளம்பிய பிறகு, டீலர் அனுப்பியிருந்த பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினான். “சாஃப்ட்வேர் ஃப்ரீங்ணா. போடறப்ப ஆன்டிவைரஸ மட்டும் ஆஃப் பண்ணிக்குங்க.”

2017-இல், கோவையிலிருந்து இருகூர் போகும் வழியில் இருந்த எங்கள் கதவுப் பட்டறையில் நடந்தது இது. அப்பா காலத்திலிருந்து உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் புழங்கிய கொட்டகைக்குள் முதல்முறையாக ஒரு சிஎன்சி ரௌட்டர் வந்திருந்தது. புதிது வாங்கக் காசில்லை. வேறொரு பட்டறையில் மூன்று வருடம் ஓடிய மெஷினை இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தேன். அந்த விலையில் மென்பொருளும் சும்மா கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. பென்டிரைவில் இருந்தது ஆர்ட்கேம் என்ற மென்பொருளின் பழைய பதிப்பு, பூட்டு உடைத்தது. எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் கதவு மெஷின் வைத்திருந்த பலரிடமும் அதே சரக்குதான் இருந்தது.

பதிமூணு இருபத்தஞ்சு என்பார்கள் இந்த அளவு மெஷினை. பெட் 1300 மி.மீ. அகலம், 2500 மி.மீ. நீளம், அதனால் அந்தப் பெயர். எட்டுக்கு நாலு பிளை ஷீட் ஒன்று அப்படியே படுத்துக்கொள்ளும். வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் இடம் வலமாகப் போனால் எக்ஸ், முன்னும் பின்னும் போனால் ஒய், மேலும் கீழும் போனால் இசட். மூன்றே அச்சு. கம்ப்யூட்டரோடு வயர் போட்டு இணைக்க வேண்டியதில்லை. டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டிஎஸ்பி பெட்டி கேபிளில் தொங்கும். அதில் பென்டிரைவைச் செருகி, கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஓட்ட வேண்டியதுதான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். அந்த வசதி இல்லாவிட்டால் எங்கள் ஏரியாவில் ஒரு கதவுகூட முடிந்திருக்காது.

ஆனால் பெட்டி செய்வதெல்லாம் படித்து நடப்பது மட்டும். படிப்பதற்கு ஏதாவது எழுதித் தர வேண்டும். அதற்கு இரண்டு கட்டம். கேட் என்பது வரைவது. கேம் என்பது அந்த வரைபடத்தின் மேல் பிட் எந்த வழியாக, எத்தனை ஆழத்தில், என்ன வேகத்தில் போக வேண்டும் என்று வழி போடுவது. போட்ட வழி கடைசியில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இறங்கும். நோட்பேடில் திறந்து பார்த்தால் ஜி0, ஜி1, ஜி2, ஜி3 என்று ஆயிரக்கணக்கான வரிகள். ஜி0 என்றால் வெட்டாமல் விரைந்து போ. ஜி1 என்றால் நேராக வெட்டிக்கொண்டு போ. மற்ற இரண்டும் வளைந்து வெட்டுவதற்கு. முதல் இரண்டு வருடம் அந்தக் கோப்பை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

பட்டறையில் எனக்கு முன்னாலிருந்தே இருந்தவர் ஆசாரி அண்ணன். ஊர் தம்மம்பட்டிப் பக்கம். கோவைக்கு வந்து முப்பது வருடம் ஓடிவிட்டது. மெஷினைப் பார்த்து அவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவரோ ஸ்பிண்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கை மொத்தமா போறதுக்குள்ள இதைய வாங்கிட்டீங்க தம்பி” என்றார். இரண்டு மணிக்கட்டிலும் அவருக்கு வலி. காலையில் கொட்டாப்புளி பிடிக்கவே அரை மணி நேரம் கையைப் பிசைந்துவிட்டுக்கொள்வார். கைவேலையைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களில் பலருக்கு அந்த அரை மணி நேரம் தெரியாது.

2018-இல் ஆர்ட்கேம் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பர்மிங்காமில் இருந்த டெல்கேம் நிறுவனத்தின் பொருள் அது. 2014-இல் டெல்கேமை ஆட்டோடெஸ்க் வாங்கியது. நான்கு வருடம் கழித்து ஆர்ட்கேமுக்கு மூடுவிழா. அதன் உள்நிரலுக்கு உரிமை வாங்கி கார்வெகோ என்ற புதிய பெயரில் வேறு சிலர் தொடர்ந்தார்கள். எனக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தானே கவலை என்று இருந்தேன்.

கவலை அடுத்த வருடம் வந்தது. ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, கோப்புகளெல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிப் பல்லைக் காட்டின. கம்ப்யூட்டர் கடையில் ஃபார்மட் போட்டார்கள். திரும்ப நிறுவினால் பூட்டு உடைத்த ஆர்ட்கேம் எழுந்திருக்கவே மறுத்தது. டீலரின் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஏற்கெனவே ஒரு தொந்தரவு இருந்துகொண்டுதான் இருந்தது: வளைவுகளில் மெஷின் திக்கித் திக்கிப் போகும், மரத்தில் சிறு சிறு பட்டைகள் விழும். ஏன் என்று யாரிடம் கேட்பது? கள்ளச்சாவி போட்டுத் திறந்தவன் பூட்டுக் கடைக்காரரிடம் போய், “பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்குதுங்க” என்று சொல்ல முடியுமா? சும்மா வந்த மென்பொருளுக்கு அந்த இரண்டு வருடமும் வாயை மூடிக்கொண்டு விலை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, காசு கொடுத்தே வாங்குவோம் என்று கேட்கக் கிளம்பினால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள். கோவையில் கேம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பம்ப், மோட்டார், அச்சு வார்ப்பு என்று ஊர் முழுக்க டூல்ரூம்கள். அப்படி ஒன்றில் வேலை பார்த்த பள்ளித் தோழன், “நாங்க யூஸ் பண்றதையே எடுத்துக்கடா, அதுல வராதது எதுவும் இல்ல” என்றான். விலை லட்சங்களில். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தும் காட்டினான். இரும்பை எப்படிக் கடித்தால் பிட் உடையாது, சூடு எங்கே போகும், ஐந்து அச்சில் எப்படிச் சாய்ந்து வெட்டலாம் என்பதற்கெல்லாம் அதில் வழி இருந்தது. “வீட்டுப் பேர் பலகை ஒன்னு செதுக்கணும்டா” என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். இரும்புக்காரனின் கவலை வேறு, மரத்துக்காரனின் கவலை வேறு. எங்களுக்கு ரேகை உண்டு, சிலாம்பு உண்டு. கடைசி வெட்டு முடிந்ததும் துண்டு பறந்துவிடாமல் பிடித்திருக்க டேப் என்கிற சிறு பாலங்கள் விட வேண்டும். அவனுடைய ஐந்து அச்சுக்கு எங்கள் மெஷினில் இடமும் இல்லை. மூன்று அச்சு ரௌட்டர் மேலேயிருந்து கீழே பார்க்கிற பருந்து. அது பார்க்க முடிவதை மட்டும்தான் வெட்ட முடியும். உள்வாங்கிய பள்ளத்தின் அடிப்பக்கம் அதற்கு இல்லவே இல்லை.

ஆட்டோடெஸ்கின் ஃபியூஷனை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாமே என்று பொறியியல் கல்லூரியில் படித்த உறவுக்காரப் பையன் சொன்னான். அவனுக்கு அது சரி. இலவச உரிமம் சொந்தப் பொழுதுபோக்குக்கு. பட்டறை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அல்ல. ஒருமுறை கள்ளச்சாவியில் கை சுட்டவன் இன்னொன்றுக்குப் போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 2020 அக்டோபரில் அந்த இலவச உரிமத்தில் விரைவு நகர்வையும் பிட் மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள் என்று பின்னால் அவனே வந்து சொன்னான்.

அந்தச் செய்தி வருவதற்கு முன்பே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முழுக்க முழுக்க இலவசமான ஒரு மென்பொருளை இறக்கி, இரண்டே நாளில் கற்றுக்கொண்டதாக நினைத்து, ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகையை பெட்டில் கட்டினேன். நடுவில் ஒரு வட்டம், சுற்றி எட்டு இதழ். ஓட விட்டேன். பிட் இறங்கியது, வட்டத்தைத் தொடங்கியது, திடீரென்று எதையோ மறந்துவிட்டதுபோலப் பலகை முழுக்க ஒரு பெரிய வளையத்தை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் ஸ்டாப் பட்டனைத் தேடிப் பிடிப்பதற்குள் இன்னொரு வளையம். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்த் தேக்கு.

ஆசாரி அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். “கோலம் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா இது வாசல் இல்லீங்களே, கதவாச்சே.”

அன்றிரவுதான் அந்த எழுத்துக் கோப்பை முதல்முறையாகத் திறந்தேன். மூன்று நாள் ஆயிற்று விஷயம் பிடிபட. வளைவு வெட்டச் சொல்லும் ஜி2, ஜி3 வரிகளில் போய்ச் சேர வேண்டிய இடமும் இருக்கும், வட்டத்தின் மையமும் இருக்கும். மையத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம். “இங்கிருந்து நாலு வீடு தள்ளி” என்பது ஒன்று. “கோயிலிலிருந்து நாலு வீடு தள்ளி” என்பது மற்றது. மென்பொருள் ஒரு விதத்தில் எழுதியிருந்தது, என் டிஎஸ்பி பெட்டி இன்னொரு விதத்தில் படித்தது. இரண்டின் மேலும் தப்பு சொல்ல முடியாது. நடுவில் மொழி பெயர்க்க போஸ்ட் ப்ராசஸர் என்று ஒருவர் இருக்கிறார். நான் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மென்பொருள் வாங்கப் போகிறவர்கள் அதன் முகப்பைப் பார்க்கிறார்கள், படங்களைப் பார்க்கிறார்கள். நம் மெஷினுக்கான போஸ்ட் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறவர் குறைவு. நான் பார்த்ததில்லை.

காற்றில் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது ஆசாரி அண்ணன்தான். “மரமே வைக்காம ஒருக்கா ஓட்டிப் பாக்கறதுக்கு என்னங்க?” இசட்டின் பூஜ்யத்தை இருபது மி.மீ. மேலே வைத்து, ஸ்பிண்டிலைச் சுழல விடாமல், வெறும் காற்றில் முழு வேலையையும் ஓட விடுவது. பிட் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தபிறகுதான் மரம். எந்த மென்பொருளானாலும் புதிதாக வந்தால் அவர் முன்னால் காற்றில் ஒரு தேர்வு எழுத வேண்டும் என்றாகிவிட்டது.

தேர்ந்தெடுப்பதை அப்புறம்தான் ஒழுங்காகத் தொடங்கினேன், அதுவும் கம்ப்யூட்டரில் அல்ல. ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஆறு மாத வேலைகளை எண்ணினேன். டீலர்கள் மெஷினை விற்பதே த்ரீடி சிற்பத்தைக் காட்டித்தான். நானும் என் தொழில் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நோட்டில் இருந்த நூற்றுச் சொச்சம் வேலைகளில் சிற்பம் ஒன்பது. மீதியெல்லாம் கதவுப் பலகையில் கரை இழுப்பது, கிச்சன் ஷட்டருக்கு பிளை அறுப்பது, பூஜை அறைக் கதவில் மணிக்குத் துளை, பிறகு பெயர்ப் பலகைகள், பெயர்ப் பலகைகள், பெயர்ப் பலகைகள். ஒன்பது சிற்பத்துக்காக ஒரு பெரிய மென்பொருளையும், அதைக் கற்க ஒரு வருடத்தையும் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

பெயர்ப் பலகை சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் தமிழில் ஒன்று செதுக்கிப் பார்க்க வேண்டும். நான் சோதனைக்கு எடுத்துக்கொண்டது அப்போது கையில் இருந்த ஆர்டர்: “தென்றல்.” பெரும்பாலான கேம் மென்பொருள்களில் எழுத்து அடிக்க ஒரு வசதி உண்டு, ஆங்கிலத்துக்கு அழகாக வரும். தமிழில் அடித்தால் முன்னால் வர வேண்டிய கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் அனாதையாக நின்றது. அடிப்பது ஒரு வரிசை, தெரிவது ஒரு வரிசை என்கிற தமிழின் ஏற்பாடு அவற்றுக்குத் தெரியவில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் அடித்தால் கொம்பு சரியான இடத்தில் நிற்கிறது. அதை வெறும் கோடாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கேமுக்குள் கொண்டுபோக வேண்டும். கேமுக்கு அது எழுத்து என்றே தெரியாது. வளைந்த கோடுகள், அவ்வளவுதான்.

அதிலும் ஒரு குழி இருந்தது. அறுநூறு மி.மீ. பலகைக்கு வரைந்த கோப்பு உள்ளே போனதும் 562½ மி.மீ. ஆக நின்றது. 2017-இல் வந்த இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பில் ஒரு அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற பழைய கணக்கை 96 ஆக்கிவிட்டார்கள். எனக்கு எழுத்து வரைந்து தந்த டிசைனர் இன்னும் பழைய பதிப்பில் வரைந்துகொண்டிருந்தார். 600-ஐ 96-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் காணாமல்போன மூன்றே முக்கால் சென்டிமீட்டர் எங்கே போனது என்று தெரிந்துவிடும். இப்போது சுலபமாகச் சொல்கிறேன்; அன்று அளவு நாடாவைத்தான் சந்தேகப்பட்டேன். டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொண்டுபோனால் அளவு பிசகாது, ஆனால் வளைவுகளெல்லாம் நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைந்து வந்தன. மெஷின் திக்கித் திக்கிப் போனதற்குக் காரணம் இரண்டு வருடம் கழித்து அங்கே கிடைத்தது. ஒவ்வொரு குட்டிக் கோட்டின் முனையிலும் அது வேகத்தைக் குறைத்துத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

எழுத்து செதுக்குவது வி-கார்விங். கூம்பு பிட் ஒன்று, கோடு அகலமான இடத்தில் ஆழமாக இறங்கி, குறுகும் இடத்தில் மேலே ஏறிப் போகும். மூலைக்கு வரும்போது நுனியளவு மட்டும் மரத்தில் பட எழுந்துவிடுவதால், உருண்டையான பிட்டாலும் உளி போட்டதுபோலக் கூரான மூலை வெட்ட முடிகிறது. 90 டிகிரி பிட் என்றால் ஆழம் கோட்டின் அகலத்தில் சரிபாதி. 60 டிகிரி பிட் இன்னும் இறங்கும்: பத்து மி.மீ. கோட்டுக்கு எட்டரைக்கும் மேலே. பதினாலு மி.மீ. கோடு என்றால் பன்னிரண்டு மி.மீ. பிளையைத் துளைத்துக்கொண்டு பெட்டையே தொட்டுவிடும். “இவ்வளவுக்குக் கீழே இறங்காதே, அடியைத் தட்டையாக விட்டுவிடு” என்று சொல்ல வழி இருக்கிறதா என்பதை ஒவ்வொரு மென்பொருளிலும் தேடினேன். சிலவற்றில் வி-கார்விங்கே இல்லை.

வெக்ட்ரிக் நிறுவனத்தின் வி-கார்வைச் சோதனைக்கு இறக்கியது அந்த வாரம்தான். 2005-இல் இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் முன்பு ஆர்ட்கேமில் வேலை பார்த்தவர்கள். அதனால் கை உடனே பழகியது. சோதனைப் பதிப்பில் என் வரைபடத்துக்கு வழி போடலாம், திரையில் வெட்டிப் பார்க்கலாம். போட்ட வழியைச் சேமிக்கத்தான் விடாது. அவர்களே தரும் மாதிரிக் கோப்புகளை மட்டும் சேமித்து மெஷினில் ஓட்டலாம். ஆக, என் எழுத்துகளைத் திரையிலும், என் மெஷினுக்கான போஸ்ட்டை அவர்களுடைய மாதிரிக் கோப்பை வைத்துக் காற்றிலும் சோதித்தேன். வட்டம் வட்டமாகப் போனது.

திரையில் “தென்றல்” தேக்கு நிறத்தில் செதுக்கப்பட்டு நின்றபோது ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். எனக்கு அழகாகத் தெரிந்தது. அவர் னகரத்தில் விரலை வைத்தார். “இந்தச் சுழிக்குள்ள ஒரு மொட்டு நிக்குது பாருங்க. இங்க ரேகை குறுக்கால ஓடுது. பிட்டு சுத்தி வர்றப்ப தெறிச்சுப் போயிரும்.” எழுத்தைக் கொஞ்சம் மெலிய வைத்து மறுபடி வழி போட்டேன். மொட்டு தடித்தது. “இப்பப் பரவால்ல.”

அதுவரை எந்த மென்பொருளைத் திறந்தாலும் நான் ஒருவன்தான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோப்பு, கோடு, எண். மரம் தெரிந்தவர் பத்தடி தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். தப்பு நடந்தபிறகுதான் அவருக்குத் தெரியும். மௌஸ் பிடிக்கத் தெரியாத ஆசாரி அண்ணனால் வெட்டுவதற்கு முன்பே தப்பைக் காட்ட முடிகிற மென்பொருள்தான் எனக்கு வேண்டியது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

முடிவு செய்தால் ஆயிற்றா? அப்போது டாலர் எழுபது ரூபாய் பக்கம். வி-கார்வ் டெஸ்க்டாப் 349 டாலர்; ஆனால் ஏறக்குறைய இரண்டடிக்கு இரண்டடிக்கு மேல் வேலை போட முடியாது. எங்கள் கதவு ஏழடி. ப்ரோ 699 டாலர், கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய். அளவுக்கு வரம்பில்லை, பிளை ஷீட்டில் துண்டுகளை மரம் வீணாகாமல் தானே அடுக்கும் வசதியும் உண்டு. சிற்பத்தைப் புதிதாகவே வடிக்க வேண்டும் என்றால் அதற்கும் மேலே ஆஸ்பயர், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஆஸ்பயர் வேண்டாம் என்பதை ஆர்டர் நோட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டது. ப்ரோவுக்கு அந்த மாதம் என்னிடம் பணமில்லை.

இடையில் கைகொடுத்தது எஸ்ட்ல்கேம். ஜெர்மனியில் தனி ஒருவர் எழுதும் மென்பொருள், ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. காசு கட்டாதவரைச் சற்றுக் காத்திருக்க வைக்கும்; மற்றபடி எதையும் ஒளித்து வைக்காது. முகப்பு ஒரு தினுசாக இருக்கும், பட்டன்களை எங்கே வைத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே முதல் நாள் போய்விடும். பிளை துண்டுகளை நானே கையால் நகர்த்தி அடுக்கினேன். ஆனால் பாக்கெட், துளை, டேப் விட்டு வெளிவெட்டு, சுமாரான எழுத்து எல்லாம் வந்தது. மச்சானின் கார்டில் யூரோவாகக் கட்டிவிட்டு ரசீதை அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். சிரிக்க வேண்டாம். பட்டறையில் சட்டப்படி வாங்கிய முதல் மென்பொருள் அது. ஒரு சந்தேகம் வந்தபோது கூச்சமில்லாமல் கேட்டு மின்னஞ்சலும் எழுதினேன்.

கிச்சன் ஷட்டர் வேலைகளாகத் தேடிப் பிடித்து, ஒன்றரை வருடம் கழித்து ப்ரோ வாங்கினேன். அதற்குள் ஊரடங்கு ஒன்று வந்து போயிருந்தது. அந்த மாதங்களில் மெஷின் ஓடவில்லை, நான் மட்டும் பழைய கதவுகளையெல்லாம் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன்.

சிற்பத்தை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பார்கள். நிலைக்கு மேலே கஜலட்சுமி வைக்கும் ஆர்டர் வருடத்துக்கு நாலைந்தாவது வரும். ப்ரோவில் சிற்பத்தை வடிக்க முடியாது. வேறு யாராவது வடித்துத் தரும் எஸ்டிஎல் கோப்பை உள்ளே கொண்டுவந்து வெட்டலாம். வடிக்கத் தெரிந்த பையன் ஒருவருக்கு ஒரு தொகை கொடுத்துக் கோப்பை வாங்கிக்கொண்டேன். அறுநூறுக்கு முந்நூறு மி.மீ. கஜலட்சுமி. கடைசி மெருகு வெட்டில் பிட் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 0.3 மி.மீ. நகர்ந்தால் ஆயிரம் வரி. ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர். மொத்தம் அறுநூறு மீட்டர். நிமிடத்துக்கு இரண்டரை மீட்டர் என்று போனால் நாலு மணி நேரம், அதற்கு முந்தைய முரட்டு வெட்டான ரஃபிங் நேரம் தனி. நகர்வை 0.6 ஆக்கினால் இரண்டு மணி நேரத்தில் முடியும், ஆனால் உழுத நிலம் மாதிரி வரி தெரியும். ஆசாரி அண்ணனிடம் இரண்டு துண்டையும் காட்டினேன்.

“0.6-லயே விடுங்க. அந்த வரிய எடுக்கறதுக்கு எனக்கு முக்கா மணி நேரம். மெஷின் ரெண்டு மணி நேரம் மிச்சம்.”

“கை வலிக்குமேண்ணா.”

“கொட்டாப்புளி புடிச்சாத்தான் வலிக்கும். இது தள்ளுளி வேல.”

யானைத் துதிக்கையில் மெஷின் விட்ட வரியை அவர் எடுப்பதே இல்லை. தோல் சுருக்கமாட்டம் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். வீட்டுக்காரர் ஒருவர் அந்தச் சுருக்கத்துக்காகவே எங்களைத் தேடி வந்தார்.

ப்ரோவிலும் எல்லாம் சுகமில்லை. பிட்டுக்குப் பிட்டு வேகத்தை எழுதிவைக்க அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. வரும்போதே நிரப்பி வரும் எண்களை நம்பி ஓட்டினால் எங்கள் தேக்குக்குச் சரிப்படவில்லை. 18,000 சுற்று, இரண்டு வெட்டு முனை, ஒவ்வொரு முனையும் 0.1 மி.மீ. கடிக்க வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 3600 மி.மீ. தள்ள வேண்டும். பயந்துகொண்டு மெதுவாக ஓட்டினேன். ஆசாரி அண்ணன் கீழே விழுந்ததை அள்ளிப் பார்த்தார். “பொடி வருதுங்க. சுருள் வரோணும்.” பிட்டைத் தொட்டேன், சுட்டது. கடிக்காமல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்று அந்தப் பட்டியலில் இருக்கும் எண்கள் எல்லாம் எங்களுடையவை: தேக்கு, வேம்பு, வாகை, எம்டிஎஃப், இரண்டு வகை பிளை. மென்பொருளைத் திரும்ப விலைக்கு வாங்கிவிடலாம். அந்தப் பட்டியல் போனால்தான் நஷ்டம். மூன்று பென்டிரைவில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் அந்த உறவுக்காரப் பையன் வந்திருந்தான். இப்போது சொந்தமாக மெஷின் வாங்கப் போகிறானாம். கையில் காசில்லை, கள்ளச்சாவியும் வேண்டாம் என்கிறான். ஃப்ரீகேடின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்ததைப் பற்றிச் சொன்னான். அதில் பாத் என்றிருந்த பகுதிக்குக் கேம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விலை கிடையாது, பட்டறைக்காரனும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதன் மெனுக்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. வயதும் காரணமாக இருக்கலாம். அவன் அரை மணி நேரத்தில் நடுவில் ஒரு வட்டமும் சுற்றி எட்டு இதழும் வரைந்து, வழி போட்டு, போஸ்ட் எது என்று என்னிடமே கேட்டுத் தேர்ந்தெடுத்து, பென்டிரைவில் ஏற்றினான். நேராகப் பலகையைத் தூக்கப் போனவனை ஆசாரி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

பெட்டில் எதுவும் இல்லை. இசட்டை இருபது மி.மீ. மேலே வைத்தேன். ஒரு கையில் டீ டம்ளரோடு ஆசாரி அண்ணன் வந்து நின்றுகொண்டார். மற்றக் கை ஸ்டாப் பட்டன் பக்கத்தில். பையன் ரன் அழுத்தினான். ஸ்பிண்டில் போய், நின்று, இறங்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டது. பிறகு முதல் இதழ்.

“ரெண்டாவதும் வரட்டும்” என்றார் அவர், பட்டனிலிருந்து கையை எடுக்காமல்.